புளூ ஜேய்ஸ் யாரை வைத்திருக்கும், யாரை விடும்: கொப்பியில் கணக்குப் பார்க்கும் முறை

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி, பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் இழந்தது 2025 நவம்பர் 1 இரவு. யாழ்ப்பாணத்தில் அப்போது ஞாயிறு காலை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளின் வட்ஸ்அப்பில் அன்று தொடங்கிய கதை குளிர்காலம் முழுக்க ஓடியது. அதே ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் நட்சத்திரம் ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்த போ பிஷெட்டை ஏன் போகவிட்டார்கள்? ஒன்றும் பெரிதாக ஆடாத ஒருவரை ஏன் இன்னும் கட்டிக் காக்கிறார்கள்? நன்றாகப் பந்துவீசிய பெடியனை ஏன் கீழ்மட்ட அணி இருக்கும் பஃபலோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்?

துடுப்பாட்டச் சராசரியைப் பார்த்து இவற்றுக்கு விடை சொல்ல வெளிக்கிட்டால் பிழைக்கும். குளிர்காலத்தில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை ஆள் நல்லவனா என்பதில் முடிவதில்லை. பட்டியலில் எத்தனை இடம் காலி, அந்த ஆளை இன்னும் எத்தனை வருடம் கீழே அனுப்பி எடுக்கலாம், அடுத்த வருடம் அவர் என்ன விலை கேட்பார் என்பவற்றில்தான் முடிகின்றன. மூன்றும் பகிரங்கமான தகவல்கள். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் அரைவாசிக்கு மேற்பட்ட முடிவுகளை அறிவிப்பு வருமுன்பே சொல்லிவிடலாம்.

இரண்டு பட்டியல்கள்

ஆட்டத்துக்கு இறங்கக்கூடியவர்கள் 26 பேர். செப்டெம்பரில் மட்டும் 28. இந்த 26இல் பந்துவீச்சாளர் 13க்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் ஏறக்குறைய எல்லா அணிகளும் ஒரே அமைப்பைத்தான் வைத்திருக்கின்றன: தொடக்கப் பந்துவீச்சாளர் ஐவர், பின்னால் வருபவர் எட்டுப் பேர், துடுப்பாடுபவர் 13 பேர். அந்த 13இல் ஒன்பது பேர் நாளாந்தம் ஆடுவார்கள். மிச்ச நால்வரில் ஒருவர் இரண்டாவது கட்சர் (துடுப்பாடுபவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்), ஒருவர் உள்வட்டத்தில் எங்கு விட்டாலும் நிற்கக்கூடியவர், ஒருவர் நான்காவது வெளிக்களக்காரர். ஒரே ஒரு இடம்தான் உண்மையில் திறந்திருக்கிறது.

குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது மற்றது, 40 பேர் பட்டியல். 26 பேரும் இதற்குள் அடக்கம். இலங்கை கிரிக்கெட்டில் தேர்வுக் குழு ஒருவரை இந்தத் தொடருக்கு விட்டுவிட்டு அடுத்த தொடருக்கு எடுக்கலாம். இடையில் அவரை வேறு நாடு தூக்கிக்கொண்டு போகாது. பேஸ்போலில் 40 பேர் பட்டியலிலிருந்து ஒருவரை இறக்குவதற்கு முன் அவரை வேவர் என்ற பொதுப் பட்டியலில் போட வேண்டும். மற்ற 29 அணிகளில் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளலாம், போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஒரு பெயரை எடுத்துவிட்டுப் பிறகு யோசிப்போம் என்பது இங்கே நடக்காது.

கொப்பியைக் கோடு போடுவது

ஒரு பக்கத்தில் 40 நிரை, ஆறு நிரல். பெயர், நிற்கும் இடம், வயது, சேவைக் காலம் (மேல்மட்ட அணியில் கழித்த காலம்), மிச்சமுள்ள ஒப்சன் (வேவரில் போடாமல் கீழே அனுப்பும் உரிமை), அடுத்த வருடச் சம்பளம். ஃபான்கிராஃப்ஸ் தளத்தின் ரோஸ்டர் ரிசோர்ஸ் பக்கத்தில் சேவைக் காலமும் ஒப்சனும் அணிவாரியாக இலவசமாகக் கிடைக்கும். போனில் பார்த்துக்கொண்டே எழுதலாம். ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். திரையில் ஓடவிட்டுப் பார்க்கும்போது 40ஆவது பெயரும் முதல் பெயரும் ஒரே கனத்தில் தெரியும். எழுதினால்தான் எந்தப் பெயரில் கை தயங்குகிறது என்று விளங்கும்.

சேவைக் கால நிரலில் 4.085 என்று ஓர் எண் வந்தால் அது தசமம் அல்ல. நான்கு வருடமும் 85 நாளும். ஒரு பருவம் ஏறத்தாழ 187 நாள் ஓடினாலும் 172 நாள் சேர்ந்தாலே ஒரு வருடம் நிறைந்துவிடும். ஆகவே 4.171 என்பது ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. இதைத் தசமமாக வாசித்து, "இவருக்கு இன்னும் கன காலம் இருக்குத்தானே" என்று சொல்பவர்கள் எல்லாக் குழுக்களிலும் உண்டு.

எழுதி முடிந்ததும் மேலே உள்ள 28, 30 பெயர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே எஞ்சும் பத்துப் பெயர்களில்தான் குளிர்காலம் நடக்கிறது. அவற்றைச் சிறிய விசயம் என்று தள்ளவும் வேண்டாம். 2023இல் ஓக்லண்ட் அணி விட்டுவிட்ட ஏர்னி கிளெமென்டை ரொறன்ரோ மைனர் லீக் (கீழ்மட்ட அணிகளுக்கான) ஒப்பந்தத்தில் எடுத்தது. யாரும் கவனிக்காத வேலை. 2025இன் பிந்திய பருவத்தில், அதாவது வழக்கமான பருவத்துக்குப் பின் வரும் வெளியேற்று ஆட்டங்களில், அவர் அடித்த 30 ஹிட் ஒரே பிந்திய பருவத்துக்கான சாதனை.

முதல் கணக்கு: உலகத் தொடர் முடிந்து ஐந்து நாள்

தொடர் முடிந்தவுடன் பட்டியல் இரண்டு பக்கமும் அசையும். ஆறு வருடச் சேவை முடித்து ஒப்பந்தமும் முடிந்தவர்கள் சுதந்திர வீரர்களாக வெளியேறுவார்கள், இடம் காலியாகும். அதேநேரம் 60 நாள் காயப் பட்டியலில் இருந்தவர்கள் உள்ளே வருவார்கள். அந்தப் பட்டியலில் இருந்தபோது அவர்கள் 40க்குள் எண்ணப்படவில்லை. குளிர்காலத்தில் அப்படியொரு பட்டியலே இல்லை. ஐந்து நாளுக்குள் எல்லாரையும் திருப்பி எண்ண வேண்டும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். உதாரணத்துக்கு 40 பேர் நிறைந்த ஓர் அணியில் ஏழு பேர் வெளியேறினால், ஏழு இடம் காலி என்று நினைப்போம். காயப் பட்டியலிலிருந்து ஐந்து பேர் திரும்பினால் மிச்சம் இரண்டு. நவம்பர் நடுப்பகுதியில் மூன்று இளம் வீரர்களை மற்ற அணிகள் எடுத்துவிடாமல் 40இல் ஏற்றிப் பாதுகாக்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை 41. அப்போது யாரோ ஒருவர் போகத்தான் வேண்டும். இன்னும் ஒரு வெளியாளைக்கூட வாங்கவில்லை. கடையில் கண்ணாடிக்குள் இருக்கிற நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ரசிகருக்கு இந்தக் கணக்குக் கசக்கும். ஆனால் முகாமையாளர் முதலில் போடுவது இதுதான்.

அதே ஐந்து நாளில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விருப்ப வருடங்களும் தீர்மானமாகும். யாருடைய விருப்பம் என்று பார்த்து வாசியுங்கள். அணியின் விருப்பம் என்றால் அணி முடிவு செய்யும்; வீரரின் விருப்பம் என்றால் அணிக்கு வாயே இல்லை. 2025 நவம்பரில் ஷேன் பீபர் 16 மில்லியன் டொலருக்குத் தன் விருப்ப வருடத்தை எடுத்துக்கொண்டு ரொறன்ரோவிலேயே நின்றார். வெளியே போனால் கூடக் கிடைக்கும் என்று நினைத்தவர்கள்தான் கூட. "பீபரை வைத்திருக்க முடிவு செய்தார்கள்" என்று சொல்வது பிழை. முடிவு பீபருடையது.

ஒப்சன் என்கிற நிரல்

ஆறு நிரல்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

40 பேர் பட்டியலில் சேர்ந்த வீரரை வேவரில் போடாமல் மைனர் லீக்குக்கு அனுப்பி எடுக்க அணிக்கு மூன்று பருவம் உரிமை உண்டு. சிலருக்கு விதிவிலக்காக நான்காவதும் கிடைக்கும். இது தடவைக் கணக்கு அல்ல, பருவக் கணக்கு. ஒரே பருவத்தில் ஐந்து தடவை வரை அனுப்பினாலும் ஓர் ஒப்சன்தான் செலவு. ஒரு பருவத்தில் மொத்தமாக 20 நாளுக்குக் குறைவாகக் கீழே இருந்தால் அந்த ஒப்சன் கழியாது. கீழே போன துடுப்பாட்டக்காரர் பத்து நாளும் பந்துவீச்சாளர் 15 நாளும் அங்கேயே நிற்க வேண்டும். மேலே ஒருவர் காயப்பட்டால் மட்டும் முன்கூட்டியே அழைக்கலாம். ஐந்து வருடச் சேவை முடித்தவரை அவர் சம்மதிக்காமல் அனுப்ப முடியாது.

ரொறன்ரோவின் மூன்றாம் ஏ அணி, மைனர் லீக்கின் மேல்மட்ட அணி, பஃபலோவில் இருக்கிறது, எல்லையைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு மணித்தியால ஓட்டம். பின்வரிசைப் பந்துவீச்சாளர் மூன்று நாள் தொடர்ந்து வீசிக் களைத்தால், பஃபலோவிலிருந்து ஒருவரை அன்று பின்னேரமே கொண்டுவரலாம். ஆனால் அவருக்கு இடம் கொடுக்க மேலே இருக்கிற ஒருவர் கீழே போக வேண்டுமே. ஒப்சன் உள்ளவர்தான் போவார். நேற்று இரண்டு இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசிய பெடியன் இன்று பஃபலோவுக்குப் போவதன் காரணம் இவ்வளவுதான். அவனைவிட மோசமாக வீசியவருக்கு ஒப்சன் முடிந்துவிட்டது. அவரை அனுப்பினால் திரும்பி வரமாட்டார்.

இதிலிருந்து குளிர்காலத்துக்கு ஒரு பயனுள்ள விதி. ஒப்சன் முடிந்த ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். மார்ச் கடைசியில் அவர் 26இல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அணியில் இல்லை. மூன்றாவது வழி கிடையாது. ஒரே இடத்துக்கு ஒப்சன் முடிந்தவர் இருவர் இருந்தால் ஒருவர் வசந்தகாலத்துக்குள் வேறு அணிக்குப் போவார் என்று துணிந்து சொல்லலாம். பின்வரிசைப் பந்துவீச்சாளர் எட்டுப் பேரில் ஆறு பேருக்கு ஒப்சன் இல்லாமல் வைத்திருக்கிற அணி, எவ்வளவு திறமை இருந்தாலும், மே மாதத்தில் மூச்சுமுட்டும். அப்படியொரு பட்டியலைக் கண்டால் அது நல்ல குளிர்காலம் அல்ல என்பதே எங்கள் தீர்ப்பு.

இறக்கப்படும் வீரருக்கு டி.எஃப்.ஏ என்று செய்தி வரும். அப்போதே 40இல் அவருடைய இடம் காலியாகிவிடும். ஏழு நாளுக்குள் அணி அவரை வேறு அணியுடன் மாற்றலாம், வேவரில் போடலாம், விடுவிக்கலாம். யாரும் எடுக்காவிட்டால் பஃபலோவுக்கு அனுப்பலாம். அதுவும் முதல் தடவைதான் கேள்வியில்லாமல்; இரண்டாம் தடவையோ மூன்று வருடச் சேவையோ இருந்தால் வீரர் மறுத்துவிட்டு வெளியேறலாம்.

சம்பளம் எப்படி ஏறுகிறது

முதல் மூன்று வருடம் வீரர் அணி கொடுப்பதை வாங்குவார். 2026இல் குறைந்தபட்சச் சம்பளம் 780,000 டொலர். மூன்று வருடம் முடிந்ததும் சம்பளத்தைத் தீர்மானிக்கும் நடுவர் தீர்ப்புக்குப் (ஆட்ட நடுவர் அல்ல) போகும் உரிமை வரும். ஆறு முடிந்ததும் சுதந்திரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருப்பவர்களில் சேவை கூடிய 22 சதவீதத்தினருக்கு ஒரு வருடம் முந்தியே நடுவர் உரிமை கிடைக்கும். இவர்களைச் சூப்பர் டூ என்பார்கள்.

விளாடிமிர் குரேரோ ஜூனியரின் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பார்த்தால் முழு முறையும் விளங்கும். அவர் முதல் ஆட்டம் ஆடியது 2019 ஏப்ரல் 26. பருவம் தொடங்கி நான்கு கிழமை கழிந்துவிட்டதால் அந்த வருடம் 172 நாள் நிறையவில்லை. 2024 முடிவில் வெளியேறியிருக்க வேண்டியவர் 2025 வரை கட்டுப்பாட்டில் நின்றார். ஆனால் சூப்பர் டூ ஆனதால் நடுவர் வருடம் மூன்றுக்குப் பதில் நான்கு கிடைத்தது: 2022இல் 7.9 மில்லியன், 2023இல் 14.5, 2024இல் 19.9, 2025இல் 28.5. அந்தக் கூடுதல் வருடத்தின் ஏப்ரலில்தான் 14 வருடத்துக்கு 500 மில்லியன் ஒப்பந்தம் எழுதினார்கள். நான்கு கிழமைத் தாமதம் அணிக்கு ஒரு முழு வருடப் பேரம்பேசும் நேரத்தை வாங்கிக் கொடுத்தது. சிக்காகோ கப்ஸ் 2015இல் கிரிஸ் பிரையன்டுக்குச் செய்தது இன்னும் அப்பட்டம். அவருக்கு அந்த வருடம் 171 நாள். முறையிட்டும் 2020இல் தோற்றார். 2022இலிருந்து, ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இருவருக்குள் வருபவருக்கு முழு வருடம் எழுதப்படும் என்று மாற்றியிருக்கிறார்கள். அதனால் இந்தத் தந்திரத்துக்கு இப்போது ஆபத்து உண்டு. ஒழியவில்லை.

நடுவர் தீர்ப்பில் பேரத்துக்கு இடமில்லை. அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்லுவார், மூவர் கொண்ட குழு இரண்டில் ஒன்றை எடுக்கும். நடுவில் வெட்டிக் கொடுக்க மாட்டார்கள். அதனால் இரு பக்கமும் பயந்து பெரும்பாலும் முன்பே உடன்பட்டுவிடும். தொகைகளைப் பரிமாறும் நாள் ஜனவரியில், வழக்கமாகப் பொங்கலுக்கு முன். அன்று ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் வரும்.

அதற்கு முன் நவம்பர் பிற்பகுதியில் இன்னொரு வாசல் இருக்கிறது. நடுவர் உரிமை உள்ளவருக்கு அணி அடுத்த வருட ஒப்பந்தமே கொடுக்காமல் விட்டுவிடலாம். நொன்-டெண்டர் என்பது அது. யார் அகப்படுவார்கள் என்று கணிக்க எளிய கேள்வி ஒன்று: இவர் கேட்கப்போகும் நான்கைந்து மில்லியனுக்கு இவரால் செய்யக்கூடியதை 780,000 டொலருக்குச் செய்ய ஒருவர் பட்டியலில் இருக்கிறாரா? இருந்தால் சிவப்புப் பேனை. நடுவர்கள் பழைய பாணி எண்களுக்கு, ஹோம் ரன், வெற்றி, சேவ் போன்றவற்றுக்குக் கூடிய விலை கொடுப்பார்கள். ஆகவே களத்தில் பெறுமதி குறைவாகவும் அந்த எண்கள் பெரிதாகவும் உள்ளவரே முதலில் மாட்டுவார். கடைசி நாளுக்கு முந்திய இரண்டு மூன்று நாளில் ஒருவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டால், "இதை எடு, இல்லையென்றால் வெளியே" என்று சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் பிழையில்லை.

ரூல் 5: பாதுகாப்பதா, சூதாடுவதா

18 வயதிலோ அதற்கு முன்போ சேர்ந்தவரை ஐந்து பருவத்துக்குள், 19 வயதிலோ அதற்குப் பின்போ சேர்ந்தவரை நான்கு பருவத்துக்குள் 40 பேர் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 தெரிவில் எந்த அணியும் 100,000 டொலர் கொடுத்து எடுக்கலாம். எடுத்த அணி அவரை முழுப் பருவமும் 26 பேரில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வேவரில் போட்டு, பழைய அணி 50,000 கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாதுகாக்கும் பெயர்களைக் கணிக்கும்போது யார் திறமைசாலி என்று கேட்காதீர்கள். நாளைக்கே ஓர் அணி இவரைப் பின்வரிசையில் ஒளித்து வைத்து ஆறு மாதம் ஓட்டலாமா என்று கேளுங்கள். மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசுகிற, கட்டுப்பாடு குறைந்த பந்துவீச்சாளரை ஒளிக்கலாம். இன்னும் கீழ்மட்ட ஏ லீக்கில் நிற்கும் 20 வயதுத் துடுப்பாட்டக்காரரை ஒளிப்பது கஷ்டம். அவர் எவ்வளவு நம்பிக்கை தருபவராக இருந்தாலும் அணி துணிந்து வெளியே விடும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான பெயர்களைச் சரியாகச் சொல்லிவிடலாம்.

பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரொறன்ரோவே சாட்சி, மற்றப் பக்கத்திலிருந்து. 1980இல் பிலடெல்பியா பாதுகாக்காமல் விட்ட ஜோர்ஜ் பெல்லை எடுத்தது ரொறன்ரோ. 1987இல் அவர் அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீரர். ஹோசே பவுட்டிஸ்டாவும் 2003இல் ரூல் 5இல் பிட்ஸ்பர்க்கிடமிருந்து எடுக்கப்பட்டவர்தான். அடுத்த பருவம் பால்ட்டிமோர், டம்பா பே, கன்சாஸ் சிட்டி என்று அலைந்து பிட்ஸ்பர்க்கிலேயே வந்து விழுந்தார், ஒரே வருடத்தில் நான்கு அணிக்கு ஆடி. 2010இல் ரொறன்ரோவுக்காக 54 ஹோம் ரன்.

பெரிய காசு: சொகுசு வரி

அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அது கட்டும் வரி இது. 2026இல் வரி தொடங்கும் கோடு 244 மில்லியன் டொலர். இதற்கு அந்த வருடம் கையில் கொடுக்கும் சம்பளத்தைக் கூட்டக்கூடாது. ஒப்பந்தத்தின் சராசரியைக் கூட்ட வேண்டும். குரேரோவுக்கு 500ஐ 14ஆல் பிரித்தால் ஏறத்தாழ 35.7 மில்லியன், எந்த வருடம் எவ்வளவு கொடுத்தாலும். பந்துவீச்சாளர் டிலன் சீஸ் ரொறன்ரோவுக்கு ஏழு வருடத்துக்கு 210 மில்லியன் என்று வந்தார். வெளிப்பார்வைக்கு வருடம் 30. ஆனால் அதில் ஒரு பகுதி பிற்காலத்துக்குத் தள்ளிக் கொடுக்கப்படுவதால் வரிக் கணக்கில் அதைவிடக் குறையும். ஒட்டானியின் 700 மில்லியனில் 680 தள்ளி வைக்கப்பட்டது. வரிக் கணக்கில் அவர் 70 அல்ல, ஏறத்தாழ 46.

வரி வீதம் முதல் வருடம் 20, தொடர்ந்து இரண்டாம் வருடம் 30, மூன்றிலிருந்து 50 சதவீதம். கோட்டுக்கு மேல் 20 மில்லியனைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மேலதிகமாக 12 சதவீதம். தொடர்ந்து இரண்டாம் வருடம் கட்டும் அணி ஒன்று 274 மில்லியனில் நிற்கிறது என்று வைத்தால்: 30 மில்லியனுக்கு 30 வீதம், 9. அதில் கடைசி 10 மில்லியனுக்கு 12 வீதம், 1.2. மொத்தம் 10.2 மில்லியன். பணக்கார அணிக்கு இது தாங்கும். உண்மையில் கடிப்பது 40 மில்லியன் தாண்டும் இடம். அங்கே வீதம் பாய்ந்து ஏறுவதோடு அடுத்த ட்ராஃப்டில் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தெரிவில்) முதல் தெரிவு பத்து இடம் பின்னுக்குப் போகும். 280இல் இருந்து மெல்ல நகரும் அணி திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால் 284 என்ற எண்ணை நினையுங்கள்.

ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தால் அவருடைய பழைய கழகத்துக்கும் ஒரு தொகை போகும்: ஒப்பந்தத்தின் முதல் 25 மில்லியனில் 20 சதவீதம், அடுத்த 25இல் 17.5, அதற்கு மேல் 15. ரொறன்ரோ எடுத்த கசுமா ஒகமோட்டோ நான்கு வருடத்துக்கு 60 மில்லியன். கூட்டினால் 5 + 4.375 + 1.5, அதாவது 10.875 மில்லியன் யோமியூரி ஜயன்ட்ஸுக்கு. ரொறன்ரோவுக்கு அவருடைய உண்மை விலை 70க்கு மேல். ஆனால் இந்தத் தொகை சொகுசு வரிக் கணக்கில் சேராது. வரிக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற அணிகளுக்கு ஜப்பான் சந்தை இனிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி பிஷெட். அணி அவருக்கு 22.025 மில்லியனுக்கு ஒரு வருட குவாலிஃபையிங் ஒஃபர் (வெளியேறும் வீரருக்குப் பழைய அணி கொடுக்கும் நிலையான தொகை ஒப்பந்தம்) கொடுத்தது, அவர் மறுத்தார். ஓர் அணியில் முழுப் பருவமும் இருந்த, முன்பு ஒருமுறையும் இந்த ஒஃபர் கிடைக்காத சுதந்திர வீரருக்கே இதைக் கொடுக்கலாம். மறுத்தவர் வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு ஒரு ட்ராஃப்ட் தெரிவு கிடைக்கும். பழைய அணி சொகுசு வரி கட்டியதாக இருந்தால் அது நான்காம் சுற்றுக்குப் பின்னால்தான். எடுக்கும் அணியும் தெரிவுகளை இழக்கும், வரி கட்டும் அணியென்றால் இன்னும் அதிகமாக இழக்கும். பிஷெட் மெட்ஸுடன் மூன்று வருடத்துக்கு 126 மில்லியனுக்குப் போனார். வருடத்துக்கு 42. பிஷெட் நின்ற குறுக்களத்தில் (ஷோர்ட்ஸ்டொப்) நிற்க ஆந்திரெஸ் ஹிமேனெஸ் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிறார். முழங்கால் காயத்தோடு வந்த பிஷெட்டை உலகத் தொடரிலேயே இரண்டாம் தளத்தில்தான் நிறுத்தினார்கள். இந்த வரிகளைக் கொப்பியில் அடுத்தடுத்து எழுதினால், மனம் ஒப்பாவிட்டாலும், கணக்கு ஒப்பும்.

நேரமும் வதந்தியும்

நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை ரொறன்ரோ நம்மைவிட பத்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே பின்னேரம் 5 மணிக்குக் கெடு முடிந்தால் இங்கே மறுநாள் அதிகாலை 3:30. விழித்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான முடிவுகள் கெடுவின் கடைசி மணித்தியாலத்தில்தான் வரும். காலையில் எழுந்து தேத்தண்ணியோடு அணியின் உத்தியோகபூர்வ வீரர் மாற்றப் பக்கத்தைப் பார்த்தால் போதும். கார்த்திகை மழையில் இணையம் விழுந்தாலும் நட்டமில்லை.

வதந்தியை வடிகட்ட மூன்று படி வையுங்கள். "ஆர்வம் காட்டுகிறது" என்பதைக் கொப்பியில் எழுதவே வேண்டாம். பெரும்பாலும் வீரரின் முகவர் விலையேற்ற விடுகிற கதை. "உடன்பட்டார்கள்" என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனை இன்னும் இருக்கிறது. அணி அறிவித்து, 40இல் இடம் கொடுக்க யாரை எடுத்தார்கள் என்றும் தெரிந்த பிறகே பேனை. 2023 டிசம்பர் 8 அன்று ஒட்டானி விமானத்தில் ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று செய்தி பரவி, ஆட்கள் விமானப் பாதையையே போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியது ஒரு கனேடிய வணிகர். மறுநாள் ஒட்டானி டொட்ஜர்ஸ் என்று அறிவித்தார்.

2026 டிசம்பர் 1இல் அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்குமான உடன்படிக்கை முடிகிறது. 2021இல் இப்படி முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு. ஒரு பெயரும் அசையவில்லை. ஆகவே அந்தக் குளிர்காலத்துக்கான கணக்கை நவம்பருக்குள்ளேயே போட்டு முடியுங்கள், இங்கே எழுதிய கோடுகளும் தொகைகளும் அதற்குப் பிறகு மாறலாம்.

பெப்ரவரி நடுவில் பந்துவீச்சாளரும் கட்சர்களும் புளோரிடாவின் டனீடினில் கூடுவார்கள். அன்றிலிருந்து 60 நாள் காயப் பட்டியல் திரும்பவும் திறக்கும். நீண்ட காயத்தில் உள்ளவர்களை அங்கே மாற்றினால் 40இல் இடம் பிறக்கும். அந்த நேரத்தில் திடீரென்று ஒருவரை வாங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறகு மார்ச் கடைசிக் கிழமையில் கேள்விக்குறி போட்ட பெயர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒப்சன் முடிந்தவர்கள், ரூல் 5இல் வந்தவர், மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்து நன்றாக ஆடிய மூத்தவர். 26ஆவது இடம் இவர்களில் ஒருவருக்கு. மற்றவர்களை அடுத்த 48 மணித்தியாலத்தில் மற்ற அணிகளின் வேவர் செய்தியில் தேடுங்கள்.